நிரம்பிய தாளும் யோசிக்காத பிள்ளையும்: ஒர்க் ஷீட் தயாரிப்பது பற்றி

நேற்று குபிலன் மொடத்தில் சரட்டியை ஞெளித்தான்.

இந்த ஒரு வரியை வைத்து நான்கு கேள்வி கேட்கலாம். ஞெளித்தது யார்? எங்கே ஞெளித்தான்? எதை ஞெளித்தான்? எப்போது ஞெளித்தான்? வரியை எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளை நான்குக்கு நான்கு வாங்கிவிடும்: குபிலன், மொடத்தில், சரட்டியை, நேற்று. மொடம் எந்த ஊரில் இருக்கிறது, சரட்டி தின்கிற பண்டமா ஓடுகிற பிராணியா என்று அதற்குத் தெரியாது. எழுதிய எனக்கும் தெரியாது, ஏனென்றால் அப்படிச் சொற்களே இல்லை. ‘இல்’ என்று முடிந்தால் ‘எங்கே’க்கு விடை, ‘ஐ’ என்று முடிந்தால் ‘எதை’க்கு விடை. நம் மொழியின் வேற்றுமை உருபுகளே விடையை எடுத்துக் கையில் கொடுத்துவிடுகின்றன.

‘பத்தியைப் படித்து வினாக்களுக்கு விடையளி’ என்ற தலைப்பில் பள்ளிகளில் புழங்கும் தாள்களில் பாதிக்கு மேல் இந்த ரகம்தான் என்பது என் கணிப்பு. பிள்ளைகள் மும்முரமாக எழுதுகிறார்கள், வகுப்பு அமைதியாக இருக்கிறது, தாள் நிரம்பிவிடுகிறது, சிவப்பு மையில் வரிசையாக டிக் விழுகிறது. இத்தனையும் நடந்த பிறகும் கதை புரிந்ததா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. ஒர்க் ஷீட்டை எடைபோட அதிலுள்ள கேள்வியைப் பார்த்தால் போதாது. அந்தக் கோட்டை நிரப்புவதற்குப் பிள்ளை மனதுக்குள் என்ன செய்தாக வேண்டும் என்று பார்க்க வேண்டும். பாடம் தெரியாமலே நிரப்ப முடிகிறது என்றால் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தத் தாளில் சரக்கில்லை.

இவ்வளவு தாள் ஏன்?

ஒரு காலத்தில் இப்படி ஒரு தாளை அச்சடிப்பதே பெரும்பாடு. ஸ்டென்சில் பேப்பரில் தட்டச்சு செய்ய வேண்டும், அல்லது கூரான பேனாவால் கீற வேண்டும். அப்புறம் சைக்ளோஸ்டைல் மிஷினில் பொருத்தி மை பூசி உருட்ட வேண்டும். தேர்வுக்கு மட்டும்தான் அந்தப் பாட்டைப் படுவார்கள். ஜெராக்ஸ் வந்ததும் கொஞ்சம் எளிதாயிற்று. இப்போது ஜூன் மாதம் பள்ளி திறந்த வாரத்திலேயே வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் வகுப்புவாரியாகப் பிடிஎஃப் வந்து கொட்டுகிறது. தயாரிக்கும் செலவு குறையக் குறைய யோசிக்கும் நேரமும் கூடவே குறைந்துவிட்டது.

தமிழ்நாட்டில் இந்தத் தாள்களுக்கு இவ்வளவு கிராக்கி இருப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்தான். வகுப்பு ஐந்து, ஆசிரியர் இரண்டு. ஒருவர் ஒன்றாம் வகுப்புக்கு எழுத்து சொல்லிக் கொடுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கையில் ஏதாவது வேலை இருந்தாக வேண்டும். இல்லையென்றால் வகுப்பு சந்தைக்கடைதான். ஆக, தாள் பல இடங்களில் கற்றல் கருவியாக இருப்பதற்கு முன்னால் கூட்டத்தைச் சமாளிக்கும் கருவி. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் எந்தத் தாள் எதற்காக என்று ஆசிரியருக்காவது தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும்.

தாளே ஆசிரியரின் ஒரு பகுதி வேலையைச் செய்யட்டும் என்ற யோசனை இங்கே புதிதில்லை. ஆந்திரத்தில் மதனப்பள்ளிக்கு அருகே ரிஷி வேலி கிராமப் பள்ளிகளில் உருவான அட்டை முறையைப் பார்த்து, சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. பிறகு மாநிலம் முழுவதும் போனது. ஏணிப்படி போல ஒரு வரைபடம், ஒவ்வொரு படிக்கும் அட்டைகள், தன் அட்டையைத் தானே எடுத்துப் பாயில் உட்கார்ந்து செய்யும் பிள்ளை. கொரோனாவுக்குப் பிறகு 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் 1 முதல் 3ஆம் வகுப்பு வரை வந்தது, அடுத்த ஆண்டு 4, 5ஆம் வகுப்புகளுக்கும் நீண்டது. அதில் அட்டையின் இடத்தைப் பெரும்பாலும் பயிற்சி நூல் பிடித்துக்கொண்டது. அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை, அந்தந்த நிலைக்கு ஏற்ற பயிற்சி.

அவரவர் வேகத்தில் அவரவர் போகட்டும் என்கிற எண்ணம் நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தப் பாதையில் ஒரு பள்ளம் இருக்கிறது. அதைப் பற்றி அமெரிக்காவில் 1973இல் வெளியான ஓர் ஆய்வு இன்றும் கல்வியியல் வகுப்புகளில் பேசப்படுகிறது.

பென்னி என்ற பையன்

பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் உருவான தனிநபர் கற்றல் திட்டம் ஒன்று அப்போது அமெரிக்கப் பள்ளிகளில் நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் கணக்குத் தாள்களைத் தாங்களே செய்வார்கள். தாள்கள் விடைக்குறிப்போடு ஒப்பிட்டுத் திருத்தப்படும். 80 சதவீதம் சரியாக இருந்தால் அடுத்த படி. ஆறாம் வகுப்பில் படித்த 12 வயதுப் பையன் ஒருவன் இதில் வேகமாக முன்னேறிக்கொண்டிருந்தான். நன்றாகப் படிக்கிற பையன் என்றுதான் ஆசிரியரும் நினைத்திருந்தார். ஸ்டான்லி எர்ல்வாங்கர் என்ற ஆய்வாளர் அவனோடு உட்கார்ந்து பேசிப் பார்த்தார். ஆய்வில் அவனுக்கு வைத்த பெயர் பென்னி.

2/10 என்ற பின்னத்தைத் தசமமாக எழுதச் சொன்னால் பென்னி 1.2 என்று எழுதினான். 5/10 என்றால் 1.5. மேலேயும் கீழேயும் உள்ள எண்களைக் கூட்டி நடுவில் புள்ளி வைப்பது அவனுடைய விதி. அந்த விதிப்படி 4/11, 11/4 இரண்டுக்கும் விடை 1.5தான். இரண்டும் எப்படிச் சமமாகும் என்று அவன் குழம்பவில்லை. கணக்கு என்றால் ஒவ்வொரு வகைக்கும் ஒரு விதி, யாரோ எப்போதோ போட்டுவைத்தது, விடைக்குறிப்பில் இருப்பதை எப்படியாவது தேடிப் பிடிப்பதுதான் நம் வேலை என்று அவன் தீர்மானித்துவிட்டான். அதற்கு அவனிடம் நியாயமும் இருந்தது. ஒரே மதிப்புள்ள விடையை வேறு வடிவில் எழுதினால் குறிப்பில் இல்லை என்று தப்பாகிவிடும். ஆகவே சரி என்பது குறிப்பில் இருப்பது.

பென்னி சோம்பேறி இல்லை. நாள்தோறும் யோசித்தான். எதை யோசித்தான் என்பதுதான் சங்கடம். தாளுக்கும் அவனுக்கும் நடுவே ‘இது உனக்கு எப்படி வந்தது?’ என்று கேட்க ஒருவரும் இல்லை. கேட்கும்படி தாளும் அமையவில்லை. ஒரு தாளில் பத்துக் கணக்கு இருந்தால், அவற்றில் ஒன்றுக்காவது பக்கத்தில் ‘எப்படிச் செய்தாய், எழுது அல்லது படம் வரை’ என்று ஒரு கட்டம் விட்டால் போதும். தப்பான விதி வெளியே தலைகாட்டிவிடும். மீதி ஒன்பது கணக்கைக் குறைத்தாவது அந்தக் கட்டத்துக்கு இடம் விடலாம் என்பேன்.

தப்பைத் தேடும் கணக்கு

கேள்வியைத் தேர்ந்தெடுப்பதிலேயே எவ்வளவு செய்ய முடியும் என்பதற்குக் கழித்தலைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. கடன் வாங்கிக் கழித்தல் என்று வீட்டிலும், இனமாற்றம் செய்து கழித்தல் என்று புத்தகத்திலும் சொல்கிறோமே, அதுதான்.

86−32 என்ற கணக்கைக் கொடுக்கிறோம். பிள்ளை 54 என்று எழுதுகிறது. சரி. ஆனால் பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழித்துவிட வேண்டியதுதான், மேலே எது கீழே எது என்று பார்க்க வேண்டியதில்லை என்று நினைக்கும் பிள்ளைக்கும் இங்கே 54தான் வரும். அதாவது இந்தக் கணக்கு தெரிந்தவரையும் தெரியாதவரையும் பிரித்துக் காட்டாது. இதுமாதிரி இருபது கணக்கு போட்டாலும் காட்டாது. 82−36 என்று மாற்றிப் பாருங்கள். சரியான விடை 46. தப்பான விதிக்காரருக்கு மறுபடியும் 54.

இன்னும் ஒரு படி போகலாம். 50−27. இந்த ஒரே கணக்குக்கு வகுப்பில் நான்கு விடை வரும். 23 சரி. 37 என்று எழுதிய பிள்ளை, 0இலிருந்து 7 போகாது என்றதும் திருப்பிப் போட்டு 7இலிருந்து 0ஐக் கழித்திருக்கிறது. 30 என்று எழுதிய பிள்ளை, ஒன்றுமில்லாததிலிருந்து எடுத்தால் ஒன்றுமில்லை என்று 0 போட்டிருக்கிறது. 33 என்று எழுதிய பிள்ளை பத்து வாங்கியது, ஆனால் கொடுத்த இடத்தில் ஒன்றைக் குறைக்க மறந்துவிட்டது. மூன்றும் தப்புத்தான், ஆனால் மூன்று பிள்ளைகளுக்கும் வேறு வேறு பாடம் நடத்த வேண்டும். 33க்காரருக்கு முக்கால்வாசி வந்துவிட்டது, 37க்காரருக்கு இடமதிப்பிலிருந்தே தொடங்க வேண்டும். மூவருக்கும் ஒரே மாதிரி பெருக்கல் குறி போட்டு, ‘இன்னும் பயிற்சி தேவை’ என்று அதே மாதிரி இன்னொரு தாளைக் கொடுப்பதில் என்ன பயன்?

ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1978இல் இதையே கணினி வைத்து ஆராய்ந்தார்கள். பிள்ளைகளின் கழித்தல் தப்புகள் பெரும்பாலும் கவனக்குறைவால் வருவதில்லை, ஒழுங்கான விதியைப் போலவே ஒழுங்கான தப்பு விதிகள் இருக்கின்றன என்று காட்டினார்கள். நடுவில் பூச்சியம் வரும் கணக்குகளில் இது நன்றாகத் தெரியும். 402−178க்கு 224தான் விடை. 376 வந்தால் திருப்பிப் போட்டுக் கழிக்கும் பிள்ளை. 324 வந்தால், நடுப் பூச்சியத்தை 9 ஆக்கிவிட்டு நூறில் ஒன்றைக் குறைக்காமல் விட்ட பிள்ளை.

ஆகவே கணக்குத் தாள் தயாரிக்கும்போது முதலில் கணக்கை எழுதாமல், இந்தப் பாடத்தில் நம் பிள்ளைகள் எப்படியெல்லாம் தப்புவார்கள் என்று ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்வது நல்லது. நான்கைந்து ஆண்டு அந்த வகுப்பை நடத்திய ஆசிரியருக்கு இது கைவந்த விஷயம். ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் மாவட்ட நிறுவனமான டயட்டிலிருந்தோ வேறெங்கிருந்தோ வந்து சொல்ல வேண்டியதில்லை. அப்புறம் ஒவ்வொரு தப்புக்கும் ஒரு வேறு விடை வரும்படி எண்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சரியான விடையைத் தேர்ந்தெடு என்ற வகைக் கேள்வியிலும் இதே வேலைதான். 50−27க்குத் தெரிவுகளாக 23, 37, 30, 33 கொடுத்தால் ஒவ்வொரு தெரிவும் ஒரு சேதி சொல்லும். 23, 85, 7, 100 என்று கொடுத்தால் மூன்றும் வெறும் இடநிரப்பி.

முடிவில் ஒரு கேள்வியைத் தலைகீழாக வைத்தால் தாளின் முகமே மாறிவிடும். ‘கவிதா 50−27 = 33 என்று எழுதினாள். அவளுக்கு எங்கே தப்பியது?’ அல்லது ‘விடை 23 வரும்படி நீயே மூன்று கழித்தல் கணக்கு எழுது.’ இரண்டாவதில் ஒரு பிள்ளை 24−1 என்று எழுதும், இன்னொன்று 1000−977 என்று எழுதும். இருவருமே ஒரே கேள்வியைத்தான் செய்கிறார்கள். அரும்புக்கு ஒரு தாள், மலருக்கு ஒரு தாள் என்று தனித்தனியாகக் கொடுக்கும்போது எந்தத் தாள் ‘மக்கு’த் தாள் என்று பிள்ளைகள் ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிடுகிறார்கள். வாசிப்பு போன்றவற்றில் நிலை பிரிக்காமல் முடியாது, அது வேறு. ஆனால் ஒரே கேள்வியை அவரவர் உயரத்துக்கு எட்டும்படி வைக்க முடிகிற இடங்களில் பிரிக்காமல் இருப்பதே நல்லது.

எடுத்துக்காட்டு எவ்வளவு, பயிற்சி எவ்வளவு

புதிய பாடத்துக்கான தாளில் மேலே ஒரே ஒரு எடுத்துக்காட்டு, கீழே பதினைந்து கணக்கு. இதுதான் வழக்கம். சிட்னியில் ஜான் ஸ்வெல்லரும் கிரஹாம் கூப்பரும் 1985இல் இயற்கணித வகுப்பில் சோதித்துப் பார்த்தது இந்த வழக்கத்துக்கு எதிராகப் போகிறது. எல்லாவற்றையும் தானே போட்டுப் பார்த்த மாணவர்களைவிட, செய்துகாட்டிய கணக்கு ஒன்றைப் படித்துவிட்டு அதே மாதிரி ஒன்றைப் போடுவது என்று மாறி மாறிச் செய்தவர்கள் பிறகு அதே வகைக் கணக்கை வேகமாகவும் தப்புக் குறைவாகவும் போட்டார்கள். புதிதாகக் கற்கும்போது மனம் ஒரே நேரத்தில் தாங்கும் பாரம் குறைவு. விடையைத் தேடும் அவசரத்தில் முறையைக் கவனிக்க அங்கே இடம் இருக்காது.

நடைமுறையில் முதல் கணக்கு முழுதாகச் செய்தது, இரண்டாவது கடைசி வரி மட்டும் காலி, மூன்றாவது பாதி காலி, நான்காவது முழுக்கப் பிள்ளையுடையது என்று இறக்கிக்கொண்டே போகலாம். ஏற்கெனவே தெரிந்துகொண்ட பிள்ளைக்கு இந்தப் படிகள் தொல்லை. நன்றாக வந்துவிட்ட பிறகு எடுத்துக்காட்டை எடுத்துவிட வேண்டும்.

பயிற்சித் தாளுக்கு இன்னொரு சங்கதி. பெருக்கல் பாடம் முடிந்ததும் முழுக்கப் பெருக்கல் கணக்கு, வகுத்தல் முடிந்ததும் முழுக்க வகுத்தல் என்று கொடுக்கிறோம். வாழ்க்கைக் கணக்காக இருந்தாலும் பிள்ளை கேள்வியைப் படிப்பதில்லை. எப்படியும் பெருக்கத்தானே போகிறோம், எண் இரண்டையும் பொறுக்கி எடுத்துப் பெருக்கிவிட்டால் ஆயிற்று. டக் ரோரரும் கெல்லி டெய்லரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில் கல்லூரி மாணவர்களுக்குச் சில கன உருவங்களின் கொள்ளளவு காணச் சொல்லிக் கொடுத்தார்கள். வகைவகையாகப் பிரித்துப் பயிற்சி செய்தவர்கள் பயிற்சியின்போது 89 சதவீதம் சரியாகப் போட்டார்கள். கலந்து செய்தவர்கள் 60 சதவீதம்தான். ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தபோது முதல் கூட்டம் 20 சதவீதம், கலந்து செய்தவர்கள் 63 சதவீதம்.

இந்த எண்களை ஆசிரியர் ஓய்வறையில் ஒட்டிவைக்கலாம். தாளில் டிக் நிறைய விழுவதும் பாடம் மனதில் நிற்பதும் ஒன்றில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். ஆனால் இங்கே ஒரு சிக்கல்: கலந்து கொடுத்தால் அன்றைக்கு மதிப்பெண் குறையும். பெற்றோரும் கேட்பார்கள், பார்வைக்கு வரும் அதிகாரியும் கேட்பார். பெரிய மாற்றமாக வேண்டாம். பெருக்கல் தாளில் எட்டுக் கணக்கு இருந்தால் இரண்டை எடுத்துவிட்டுப் போன மாதத்துக் கூட்டல் ஒன்று, கழித்தல் ஒன்று என்று செருகினாலே பிள்ளைகள் கேள்வியைப் படிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

படம், பார்டர், வண்ணம்

ஈடுபாடு என்றதும் பலருக்கும் நினைவு வருவது அலங்காரம். நான்கு ஓரமும் பட்டாம்பூச்சி, மூலையில் சோட்டா பீம். பிடிஎஃப்பில் பார்க்கக் கண்ணுக்குக் குளிர்ச்சி. பள்ளிக்குப் பக்கத்திலிருக்கும் ஜெராக்ஸ் கடையில் கறுப்பு வெள்ளையில் எடுத்து, அந்தப் பிரதியை வைத்து மறுபடி எடுத்தால் பட்டாம்பூச்சி கருப்புத் திட்டாகவும், மஞ்சள் கட்டத்துக்குள் இருந்த கேள்வி காணாமலும் போயிருக்கும். பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பாக இருந்தால் இன்னும் மோசம். வானவில், பாமினி இல்லாத கணினியில் திறந்தால் தமிழ் முழுக்க ஆங்கில எழுத்தும் குறிகளுமாக வந்து நிற்கும்.

அழகைவிட முக்கியமான கேள்வி, படம் என்ன வேலை செய்கிறது என்பது. ஷானன் ஹார்ப், ரிச்சர்ட் மேயர் இருவரும் 1998இல், மின்னல் எப்படி உருவாகிறது என்ற பாடத்தை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். மின்னல் தாக்கியவர்களைப் பற்றிய சுவாரசியமான தகவல்களையும் படங்களையும் சேர்த்த வடிவத்தைப் படித்தவர்களுக்கு, மின்னல் உருவாகும் விதம் குறைவாகவே நினைவில் நின்றது. பாடத்துக்கு வெளியே இருந்து வரும் ருசி, பாடத்திலிருந்து கவனத்தை இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. ‘விடை 12 என்றால் பச்சை அடி, 15 என்றால் சிவப்பு அடி, கிளி தெரியும்’ என்கிற தாள்களில் கணக்கு சில நிமிடங்களில் முடிந்துவிடும். மீதிப் பீரியட் முழுவதும் ஓவிய வகுப்பு. பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது, மறுக்கவில்லை. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடுக்கு அது நல்ல தாள்.

இடம் விடுவதுதான் உண்மையான வடிவமைப்பு. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் ‘கோ’ என்று எழுத இரட்டைக்கொம்பு, க, கால் என்று மூன்று உருவுக்கு இடம் வேண்டும். பெரியவர் கையால் அளந்து கோடு போட்டால் கால் கோட்டுக்கு வெளியே போய்த் தொங்கும். ‘ஏன் என்று விளக்கு’ என்று கேட்டுவிட்டு ஒரே ஒரு கோடு விட்டால், ஒரு வரிக்கு மேல் யோசிக்க வேண்டாம் என்று நாமே சொன்னதாகிறது. யானைக்கு ‘யா_’ என்று எழுத்து எண்ணிக்கைக்குக் கட்டம் போடுவது, ஐந்து காலியிடத்துக்கு மேலே பெட்டியில் சரியாக ஐந்து சொல் கொடுப்பது, பொருத்துகவில் இந்தப்பக்கம் ஐந்து அந்தப்பக்கம் ஐந்து என்று வைப்பது எல்லாம் கடைசி விடையை இலவசமாகக் கொடுப்பவை. பெட்டியில் இரண்டு சொல் கூடுதலாகப் போட்டால் அந்த இலவசம் நின்றுவிடும்.

குபிலனை எப்படி மாற்றுவது?

வாசிப்புத் தாளுக்கு ஒரு சின்னப் பத்தி எடுத்துக்கொள்வோம்.

‘மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. செல்வி மொட்டை மாடிக்கு ஓடினாள். காய்ந்துகொண்டிருந்த வடகத்தைப் பாயோடு சுருட்டி அள்ளிக்கொண்டு இறங்கினாள். பாட்டி, நல்ல வேளை என்றாள்.’

செல்வி எங்கே ஓடினாள், எதைச் சுருட்டினாள் என்று கேட்டால் குபிலன் கதைதான். ‘பாட்டி ஏன் நல்ல வேளை என்றாள்?’ என்று கேளுங்கள். விடை பத்தியில் எங்கும் இல்லை. மேகம் கறுத்தால் மழை வரும், வடகம் நனைந்தால் கெட்டுவிடும் என்ற இரண்டையும் பிள்ளை தன் வீட்டு அனுபவத்திலிருந்து கொண்டுவந்து பத்தியோடு சேர்க்க வேண்டும். ‘செல்வி மாடிக்கு நடக்காமல் ஏன் ஓடினாள்?’ என்பதும் அப்படித்தான். நேரடிக் கேள்வியே கூடாது என்றில்லை. எழுத்துக்கூட்டத் திணறும் பிள்ளைக்கு அதுவே பெரிய காரியம், முதல் கேள்வி அதுவாகவே இருக்கட்டும். எல்லாக் கேள்வியும் அதுவாக இருப்பதுதான் குறை.

அறிவியலிலும் இதே கதை. செடியின் பாகங்களைக் குறி என்று படத்தைக் கொடுத்தால் புத்தகத்தைத் திறந்து பார்த்து எழுதிவிடலாம். காசித்தும்பைத் தண்டைச் சிவப்பு மை கலந்த தண்ணீரில் வைக்கும் பழைய சோதனை இருக்கிறதே, அதற்கு ஒரு தாள் இப்படி அமையலாம். வைப்பதற்கு முன்பே தாளைக் கொடுத்துவிட வேண்டும். ‘நாளைக் காலை தண்டைக் குறுக்கே வெட்டினால் சிவப்பு எங்கே தெரியும்?’ கீழே மூன்று வட்டம்: முழுதும் சிவப்பு, ஓரம் மட்டும் சிவப்பு, அங்கங்கே புள்ளி. ஒன்றில் டிக் அடித்து, ஏன் என்று இரண்டு வரி. பேனாவால்தான் எழுத வேண்டும், அழிக்கக் கூடாது. மறுநாள் வெட்டிப் பார்த்துப் பக்கத்தில் உள்ள வெற்று வட்டத்தில் கண்டதை வரைய வேண்டும். நீரைக் கடத்தும் குழாய்கள் கொத்துக் கொத்தாக இருப்பதால் தனித்தனியாகத்தான் சிவப்பு தெரியும். முந்தின நாள் முழு வட்டத்தில் டிக் அடித்துவிட்ட பிள்ளை, தண்டை வெட்டும்போது மேசையைச் சுற்றி முண்டியடித்துக்கொண்டு வரும். தன் ஊகம் பலித்ததா என்று பார்க்கும் அந்த ஆவலுக்கு எந்த பார்டரும் தேவையில்லை.

இந்த மாதிரித் தாளை இரண்டு பேருக்கு ஒன்றாகக் கொடுக்கலாம். டிக் அடிப்பதற்கு முன் இருவரும் பேசி ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கும். ஜெராக்ஸ் செலவும் பாதியாகும். அந்தச் செலவு பல பள்ளிகளில் ஆசிரியரின் சட்டைப் பையிலிருந்துதான் போகிறது என்பதால் இதைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம்.

திருத்துவது

முப்பத்தைந்து தாள், தாளுக்குப் பத்துக் கேள்வி என்றால் 350 விடை. நோட்டு, பதிவேடு, பள்ளி விவரங்களை இணையத்தில் ஏற்றும் எமிஸ் வேலை எல்லாம் போக இதைத் தினமும் யாரும் ஒழுங்காகத் திருத்த முடியாது. கேள்வியை ஐந்தாகக் குறைத்து, அதில் இரண்டை மட்டும் ஆசிரியர் கூர்ந்து பார்ப்பது, மற்றதை வகுப்பிலேயே சேர்ந்து சரிபார்ப்பது என்று வைத்துக்கொண்டால் ஓரளவு முடியும்.

மதிப்பெண் போட வேண்டுமா என்பதற்கு ரூத் பட்லர் இஸ்ரேலியப் பள்ளிகளில் நடத்தி 1988இல் வெளியிட்ட ஆய்வு ஒரு துப்பு தருகிறது. சிலருக்கு மதிப்பெண் மட்டும், சிலருக்குக் குறிப்பு மட்டும், சிலருக்கு இரண்டும் கொடுத்தார். குறிப்பு மட்டும் பெற்றவர்களின் ஆர்வமும் செயல்பாடும் கூடின. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது அந்தப் பலன் வரவில்லை. எண்ணைப் பார்த்ததும் குறிப்பைப் படிக்கத் தோன்றாது போலிருக்கிறது. நம்மில் யார் விடைத்தாள் வாங்கியதும் முதலில் மதிப்பெண்ணைத் தேடாமல் இருந்தோம்? பாடம் நடக்கும்போதே செய்யும் வளரறி மதிப்பீட்டுக்கு எண் தேவைப்படும் தாள்களில் போட்டுக்கொள்ளலாம், மற்ற நாட்களில் ‘பத்து வாங்கினாய், கொடுத்தவரிடம் குறைத்தாயா?’ என்று ஒரு வரி எழுதுவது மேல்.

முப்பத்தைந்து பிரதி எடுப்பதற்கு முன் ஒரே பிரதியை இரண்டு பிள்ளைகளிடம், நன்றாகச் செய்யும் ஒன்று, தடுமாறும் ஒன்று, மதிய இடைவேளையில் கொடுத்து எதுவும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் போதும். எந்த வரியில் ‘சார், இது என்ன சார்?’ என்று நிமிர்கிறார்களோ அந்த வரியை மாற்ற வேண்டும். எந்தக் கேள்வியைப் படிக்காமலே நிரப்புகிறார்களோ அந்தக் கேள்வியை எடுத்துவிட வேண்டும். அப்புறம் ஜெராக்ஸ். திருத்தி முடித்ததும் 23, 37, 30, 33 என்று நான்கு அடுக்காகத் தாளைப் பிரித்து வைத்துக்கொண்டால், மறுநாள் யாரை எங்கே உட்கார வைப்பது என்பது தெரிந்துவிடும். பாடத்தையே 33 என்ற விடையைக் கரும்பலகையில் எழுதி, யார் எழுதியது என்று சொல்லாமல், அங்கிருந்து தொடங்கலாம்.